பொது இடத்தை யார் பார்த்துக்கொள்வது?

(குத்தாலத்தில் ஊர்மக்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



குத்தாலம் போன்ற ஒரு பேரூராட்சியில், எல்லோரும் வந்து உட்காரவும் படிக்கவும் கூடிப் பேசவும் பொதுவாக ஓர் இடம் அமைப்பதென்றால் அதை எப்படி அமைக்க வேண்டும், அமைத்தது எப்படி நிலைத்து நிற்கும் என்பது இன்று எனக்குத் தரப்பட்ட தலைப்பு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு அதற்கான காரணங்களைப் பேசலாம். ஒரு பொது இடத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது அதன் பராமரிப்பு. ஐந்தாவது வருஷம் அந்த இடத்தை யார் பெருக்குவார்கள், அந்தக் கூலி எங்கிருந்து வரும், கணக்கை யார் எழுதுவார்கள், யாரிடம் காட்டுவார்கள் என்று எழுதி வைத்துவிட்டு அதற்குப் பிறகுதான் கட்டிடத்துக்கு வரைபடம் போட வேண்டும். நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். கல்வெட்டு திறந்த அன்றோடு நம் கவனம் முடிந்துவிடுகிறது.

நீங்கள் இருப்பது கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில் உள்ள ஊர். வட்டத்தின் தலைமையிடம். சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து பட்டா மாற்ற வருகிறவர்களும், உரம் வாங்க வருகிறவர்களும், பேங்குக்கு வருகிறவர்களும், மருத்துவரைப் பார்க்க வருகிறவர்களும் இங்கேதான் இறங்குகிறார்கள். ஆகவே இங்கே ஒரு பொது இடம் வந்தால் பேரூராட்சிக்குள் குடியிருக்கிறவர்களோடு அது நின்றுவிடாது. வேலை முடியும்வரை நான்கு மணி நேரம் காத்திருக்க இடமில்லாமல் டீக்கடை வாசலில் நிற்கிற கிராமத்து மனிதருக்கும் அது சொந்தம். நகரத்துப் பூங்காவின் வரைபடத்தை எடுத்து வந்து இங்கே ஒட்டவைக்க முடியாததற்கு இது முதல் காரணம்.

இரண்டாவது காரணம் காவிரி. இது பருவத்துக்கேற்ப மாறுகிற ஊர். மேட்டூர் அணை 1934-ல் முடிந்ததிலிருந்து அணை திறக்கும் நாளான ஜூன் 12 டெல்டாவின் நாட்காட்டியில் ஒரு பண்டிகை போல ஆகிவிட்டது. ஜனவரி 28 அணையை மூடும் நாள். இடையில் குறுவை, சம்பா, தாளடி என்ற நெல் பருவங்கள். ஆடிப்பெருக்குக்கு ஆற்றங்கரை நிறைகிறது. ஐப்பசியில் மயிலாடுதுறை துலாக்கட்டம் நிறைகிறது. கார்த்திகைக் கடைஞாயிற்றுக்கு இந்தக் குத்தாலத்துக் காவிரித் துறையில் தீர்த்தவாரி. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. தை, மாசியில் அறுவடை. சித்திரை, வைகாசியில் ஆறு வெறும் மணலாகக் கிடக்கிறது. இந்தப் பன்னிரண்டு மாதத்தையும் கணக்கில் எடுக்காமல் வரைகிற வரைபடம் ஏதாவது ஒரு மாதத்தில் தோற்றுப்போகும்.

அதனால் இன்று மூன்று கேள்விகளை உங்கள் முன் வைக்கிறேன். இந்த இடத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது? இந்த இடத்தை யார், எந்த நேரத்தில் பயன்படுத்தப் போகிறார்கள்? இதை யார் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள்?

முதலில் தண்ணீர். நமக்குப் பக்கத்திலேயே ஒரு நல்ல பாடம் இருக்கிறது. தஞ்சாவூரில் சேவப்ப நாயக்கர் பெயரில் ஓர் ஏரி உண்டு. அந்த ஏரியின் நீர் பெரிய கோயிலை ஒட்டிய சிவகங்கைக் குளத்துக்கு வரும். வண்டல் படிந்து தெளிந்த நீர் அங்கிருந்து நிலத்தடிக் கால்வாய் வழியாக நகரத்துக்குள் இருக்கும் அய்யன்குளத்துக்கும் சாமந்தான்குளத்துக்கும் போகும். இந்த ஏற்பாட்டுக்கு ஜலசூத்திரம் என்று பெயர். மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானாக ஓடும் நீர் என்பதால் மோட்டார் தேவையில்லை, மின்சாரம் தேவையில்லை. பல ஆண்டுகள் இந்தக் கால்வாய் அடைபட்டுக் கிடந்தது. மேலே வீடுகளும் தெருக்களும் வந்துவிட்டன. குளம் வறண்டது, குப்பை சேர்ந்தது.

2016-ல் தஞ்சாவூர் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்த பிறகு அய்யன்குளத்தைச் சீரமைக்கும் பணி வந்தது. சுவர் எழுப்பி வண்ணம் அடித்து விளக்குப் போட்டிருந்தால் ஒரு வருஷம் அழகாக இருந்திருக்கும், அவ்வளவுதான். அந்தப் பணியைச் செய்தவர்கள் அதோடு நிற்காமல் பழைய நிலத்தடிக் கால்வாயைத் தேடிக் கண்டுபிடித்து, அடைப்பை நீக்கி, சிவகங்கைக் குளத்து நீரை மறுபடி அய்யன்குளத்துக்குக் கொண்டுவந்தார்கள். குளத்தில் நீர் நின்ற பிறகு கரையில் நடக்க ஆள் வந்தது, உட்கார ஆள் வந்தது. கரை அழகு நீரைக் கொண்டுவரவில்லை. நீர்தான் மனிதர்களைக் கொண்டுவந்தது. நாம் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அந்த இடத்தின் பழைய வாய்க்கால் எது, வடிகால் எது, அவை இன்று எங்கே அடைபட்டிருக்கின்றன என்பதை. கிராம வரைபடத்தில் அது நீலக் கோடாக இருக்கும். கர்ணத்தின் காலத்துப் பதிவேட்டில் இருக்கும். ஊரில் எண்பது வயதைத் தாண்டிய விவசாயி ஒருவரின் நினைவிலும் இருக்கும்.

தண்ணீர் வருவதைப் போலவே அது வெளியேறும் வழியும் முக்கியம். 2022 நவம்பரில் நம் மாவட்டத்துச் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரை கடந்ததையும் மறந்திருக்க மாட்டீர்கள். டெல்டாவில் பொது இடம் என்றால் அது ஆபத்து நேரத்தில் மக்கள் ஓடிவந்து தங்குகிற இடமாகவும் இருந்தே தீர வேண்டும். அதற்குத் தரைமட்டம் தெருவைவிட உயரமாக இருக்க வேண்டும். அதே சமயம் உயரத்துக்கு மண் கொட்டி மேடாக்கினால் பக்கத்து வீடுகளுக்குள் வெள்ளம் புகும். ஆகவே கட்டிடத்தின் மேடையை மட்டும் உயர்த்தி, சுற்றியுள்ள திறந்தவெளியைத் தாழ்வாகவே விட வேண்டும். அந்தத் தாழ்ந்த நிலம் மழையில் சில மணி நேரம் நீரைத் தாங்கிப் பிடித்து, மெல்ல வாய்க்காலுக்கு விடும். மழை ஓய்ந்ததும் அங்கேயே பிள்ளைகள் பந்து விளையாடலாம்.

மேடையை உயர்த்தினால் இன்னொரு கடமை வருகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுக் கட்டிடங்கள் எல்லாமே எல்லோரும் நுழையும்படி இருக்க வேண்டும் என்கிறது. சாய்தளத்துக்குப் பொறியாளர்கள் வைத்திருக்கும் கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு. மேடை மூன்றடி உயரம் என்றால் சாய்தளம் முப்பத்தாறு அடி நீளம் வேண்டும், இடையில் நின்று மூச்சு வாங்க ஒரு சமதளம் வேண்டும், இரு பக்கமும் கைப்பிடி வேண்டும். எத்தனையோ கட்டிடங்களில் எட்டடியில் சாய்தளம் என்று ஒன்றைக் கட்டிவிட்டு, சட்டத்தை நிறைவேற்றிவிட்டதாகக் கணக்குக் காட்டுகிறார்கள். அதில் சக்கர நாற்காலி ஏறாது. ஏறினாலும் இறங்கும்போது ஆளைக் கவிழ்த்துவிடும். வரைபடத்தில் அந்த முப்பத்தாறு அடியை ஆரம்பத்திலேயே ஒதுக்காவிட்டால் பிறகு அதற்கு இடமே கிடைக்காது.

கூரையைப் பற்றியும் ஒரு கணக்கு சொல்கிறேன். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். 200 சதுர மீட்டர் கூரைமேல் ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டர் பெய்தால் 2 லட்சம் லிட்டர். நம் பகுதியில் அதற்கு மேலேயே பெய்கிறது. இதில் ஒரு பகுதியைத் தொட்டியில் பிடித்தாலே கழிப்பறைக்கும் செடிகளுக்கும் பல மாதங்களுக்குப் போதும். அதே கூரையில் சோலார் தகடு வைத்தால் ஒரு கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி இடம் பிடிக்கும், நாளுக்குச் சராசரியாக நான்கு யூனிட் மின்சாரம் தரும். விளக்குக்கும் விசிறிக்கும் மோட்டாருக்கும் இது தாராளம். மாதாந்தர மின்கட்டணம் குறைவது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் பொது இடங்களில் முதலில் அணைவது விளக்குதான். விளக்கு அணைந்த இடத்துக்கு அடுத்த நாளே பெண்கள் வருவது நின்றுவிடும்.

கட்டுமானத்துக்கு நம் மண்ணைத் தெரிந்துகொள்ள வேண்டும். டெல்டா களிமண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். அஸ்திவாரத்தில் மிச்சம் பிடித்தால் மூன்றாம் வருஷம் சுவரில் விரிசல் தெரியும். ஆகவே செலவை அஸ்திவாரத்தில் செய்து, மேலே சிக்கனம் பிடிக்கலாம். அதற்கு லாரி பேக்கர் வழி காட்டியிருக்கிறார். இங்கிலாந்தில் 1917-ல் பிறந்து கேரளத்தில் வாழ்ந்து மறைந்த அந்தக் கட்டிடக் கலைஞர், கான்கிரீட் தளத்தின் அடிப்பாகத்தில் உள்ள கான்கிரீட் பாரத்தைத் தாங்குவதில் பெரிதாகப் பங்கெடுப்பதில்லை என்பதைப் பயன்படுத்திக்கொண்டார். கம்பிகளுக்கு நடுவில் பழைய மண் ஓடுகளை அடுக்கி அதன்மேல் கான்கிரீட் போட்டார். சிமென்ட் மிச்சம், கூரையின் பாரம் குறைவு, உள்ளே வெப்பமும் குறைவு. ஓட்டு வீடுகளை இடிக்கும்போது நாட்டு ஓடுகளை வண்டி வண்டியாகக் குப்பையில் கொட்டுகிற காலம் இது. அந்த ஓடுகளுக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது. செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிய சல்லடைச் சுவர் இருந்தால் ஆற்றுக் காற்று உள்ளே வரும், வெயில் வராது.

நிழலுக்கு மரம். சீக்கிரம் வளர்கிறது என்பதற்காக எதையாவது நடாதீர்கள். இந்த ஆற்றங்கரையின் மரம் மருது. இந்தச் சாலைகளின் மரம் இலுப்பையும் புளியும். குளக்கரைக்கு நாவலும் அத்தியும், உட்காரும் இடத்துக்குப் புங்கனும் வேம்பும் போதும். இவை புயலில் கிளை முறிந்தாலும் மறுபடி துளிர்க்கும்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். யாருக்கு, எந்த நேரத்தில்? ஒரு டெல்டா ஊரின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். காலை ஐந்தரைக்கு நடவுக்குப் போகும் பெண்கள் தூக்குவாளியும் ஒயர் கூடையுமாக வண்டிக்காகக் காத்திருக்கிறார்கள். அவர்களுக்கு உட்கார ஒரு திண்ணையும் ஒரு கழிப்பறையும் வேண்டும். பகல் முழுக்க வயலில் அது கிடைக்காது. ஏழு மணிக்கு நடைப்பயிற்சிக்காரர்களும் பத்திரிகை படிக்கிறவர்களும் வருவார்கள். பத்து மணிக்கு அலுவலகங்களுக்கு வந்த கிராமத்து மக்கள் வருவார்கள். பகலில் டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு மேசையும் சத்தமில்லாத அறையும் வேண்டும். வீட்டில் ஒரே அறை உள்ள பெண்ணுக்கு அது வேலைவாய்ப்பின் கதவு. நான்கு மணிக்குப் பள்ளிப் பிள்ளைகள், ஆறு மணிக்குப் பெரியவர்கள், எட்டு மணிக்குப் பிறகு கடைசிப் பேருந்துக்குக் காத்திருப்பவர்கள். 2021-ல் மகளிருக்குக் கட்டணமில்லாப் பேருந்து வந்த பிறகு பெண்கள் வெளியே வருவது பெருகியிருக்கிறது. அவர்கள் இறங்கிய இடத்தில் உட்காரவும், பிள்ளைக்குப் பால் கொடுக்கவும், கழிப்பறைக்குப் போகவும் வசதி செய்து தருவது அடுத்தபடி.

நியூயார்க்கில் வில்லியம் ஒய்ட் என்பவர் 1970-களில் நகரச் சதுக்கங்களைப் படம் பிடித்து ஆராய்ந்தார். ஏன் சில சதுக்கங்களில் கூட்டம் இருக்கிறது, சிலவற்றில் இல்லை என்பது அவருடைய கேள்வி. உட்கார இடம் இருக்கிற இடத்தில் மக்கள் உட்காருகிறார்கள் என்பது அவர் கண்ட பெரிய உண்மை. கேட்கச் சாதாரணமாக இருக்கும். நம் வீடுகளின் வாசலில் திண்ணை வைத்த கொத்தனாருக்கு இது தெரிந்தே இருந்தது. ஆனால் இன்று நாம் கட்டுகிற பூங்காக்களில் சுற்றிலும் கம்பி வேலியும், நடுவில் நடக்கக் கூடாத புல்தரையும், மூன்றே மூன்று சிமென்ட் பெஞ்சும்தான் இருக்கின்றன. சுற்றுச்சுவரை ஒன்றரை அடி உயரத்தில், ஒன்றரை அடி அகலத்தில், மேலே வழவழவென்று பூசிக் கட்டினால் அந்தச் சுவரே நூறு பேருக்குத் திண்ணை.

இன்னொரு பயன்பாடு டெல்டாவுக்கே உரியது. அறுவடைக் காலத்தில் நெல்லைச் சாலையில் கொட்டிக் காயவைக்கிறோம். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. மழை பெய்த வருஷம் அந்த அளவைத் தளர்த்தச் சொல்லி ஒவ்வொரு முறையும் கோரிக்கை வைக்கிறோம். சாலையில் நெல் இருந்தால் விபத்து, இல்லாவிட்டால் விவசாயிக்கு நஷ்டம். பொது இடத்தின் திறந்தவெளியில் ஒரு பகுதியைச் சிமென்ட் களமாக, நீர் நிற்காத சரிவோடு அமைத்தால், தை, மாசியில் பகல் நேரத்தில் அது நெற்களம். மற்ற மாதங்களில் பிள்ளைகளுக்கு இறகுப்பந்து மைதானம். கோடை இரவுகளில் நாடகமும் கூத்தும் கச்சேரியும் நடக்கும் அரங்கம். நாதஸ்வரச் சக்கரவர்த்தி ராஜரத்தினம் பிள்ளையின் திருவாவடுதுறையும் கம்பன் பிறந்த தேரழுந்தூரும் கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊருக்கு மேடை ஒன்று இல்லாமல் இருப்பது நியாயமில்லை. ஒரே இடம் வருஷத்தில் பல வேலை செய்தால்தான் அதைக் காப்பாற்ற ஊரில் பல பேர் முன்வருவார்கள்.

வெளிநாட்டு உதாரணம் ஒன்று. தமிழர்கள் பலர் வாழும் சிங்கப்பூரில், 2017-ல் 'அவர் தெம்பனிஸ் ஹப்' என்ற பெரிய மையத்தைத் திறந்தார்கள். நூலகம், நீச்சல் குளம், விளையாட்டரங்கம், உணவங்காடி, அரசு சேவை முகப்பு எல்லாம் ஒரே இடத்தில். திட்டம் போடுவதற்கு முன்பும் போடும்போதும் 15,000-க்கும் மேற்பட்ட குடியிருப்பாளர்களிடம் கருத்துக் கேட்டார்கள். அந்தக் கட்டிடத்தை நாம் நகலெடுக்க முடியாது, எடுக்கவும் தேவையில்லை. அந்தக் கேட்கிற பழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம், அதற்குச் செலவு கிடையாது.

நூலகத்தைப் பற்றிப் பேசாமல் இந்த மாவட்டத்தில் பொது இடத்தைப் பற்றிப் பேச முடியாது. இந்திய நூலகவியலின் தந்தை எஸ். ஆர். ரங்கநாதன் 1892-ல் பிறந்தது நம் சீர்காழியில். 1931-ல் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தக அடுக்குகளை ஏற்றி, கிராமம் கிராமமாக நடமாடும் நூலகம் நடத்தத் தொடங்கினார். அந்த முயற்சியில் ரங்கநாதனின் ஊக்கம் உண்டு. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-ல் சென்னை மாகாணத்தில் வந்ததற்குப் பின்னாலும் அவருடைய உழைப்பு இருக்கிறது. மேலவாசல் வண்டி நமக்குச் சொல்வது ஒன்றுதான்: வர முடியாதவர்களைத் தேடி மையம் போக வேண்டும். குத்தாலத்தில் ஒரு மையம் அமைத்தால், அங்கிருந்து வாரம் ஒருமுறை சுற்றுக் கிராமங்களுக்குப் புத்தகப் பெட்டி ஒன்று போகட்டும். அது ஆட்டோவில் போனாலும் சரி.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் சொல்ல வேண்டும். நம் பழைய பொது இடங்களைப் புகழ்கிறோம். குளம், படித்துறை, மண்டபம், திண்ணை என்று பட்டியல் போடுகிறோம். அவை எல்லோருக்கும் பொதுவாக இருக்கவில்லை. சில தெருக்காரர்களுக்குத் திறந்தும் சில தெருக்காரர்களுக்கு மூடியும் இருந்தன. பொதுச் சாலை, கிணறு, குளம் எல்லாம் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை 1924-ல் சென்னை சட்டமன்றத்தில் ரெட்டமலை சீனிவாசன் கொண்டுவர வேண்டியிருந்தது. 1927-ல் மஹாடில் ஒரு குளத்து நீரைக் கையில் அள்ளிக் குடிக்க அம்பேத்கர் ஒரு போராட்டமே நடத்த வேண்டியிருந்தது. நம் அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவு கிணறு, குளம், படித்துறை, சாலை, பொது இடம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, அவற்றைப் பயன்படுத்த யாருக்கும் தடை கூடாது என்று எழுதிவைத்திருக்கிறது. படித்துறை என்ற ஒன்று அரசியல் சட்டத்துக்குள் ஏன் போக வேண்டியிருந்தது என்று டெல்டாக்காரர்களாகிய நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே புது மையத்தை எந்த இடத்தில் வைக்கிறோம் என்பது வெறும் நில விவகாரமில்லை. ஒரு தெருவின் முடிவில் வைத்தால் அது அந்தத் தெருவின் சொத்தாகிவிடும். பேருந்து நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், எல்லாத் தெருவிலிருந்தும் எல்லாக் காலனியிலிருந்தும் நடந்து வரக்கூடிய தூரத்தில், யார் வாசலையும் கடக்காமல் வரும்படி வைக்க வேண்டும். வாசல் ஒன்றுக்கு மேல் இருக்கட்டும். 1992 மகாமகத்தில் கும்பகோணத்தில் நெரிசலில் பலர் உயிரிழந்ததை மறந்துவிட முடியாது. திருவிழா நாளில் வெளியேற வழி நான்கு திசையிலும் இருந்தாக வேண்டும். அடுத்த மகாமகம் 2028-ல் வருகிறது. கும்பகோணத்துக் கூட்டம் குத்தாலம் வழியாகவும்தான் வந்து போகும்.

அங்கேயே இட்லிக் கடையும் பூக்கடையும் போட்டிருப்பவர்களை அப்புறப்படுத்திவிட்டு அழகான மையம் கட்டாதீர்கள். 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் அவர்களுக்கு உரிமை தருகிறது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது நாற்பது சதவீதம் வியாபாரிகளே இருக்க வேண்டும் என்கிறது. காலையில் முதலில் வந்து கடைசியில் போகிற அவர்கள்தான் எந்தப் பொது இடத்துக்கும் நம்பகமான காவல்.

மூன்றாவது கேள்வி. யார் பார்த்துக்கொள்வது? உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். முதலாம் பராந்தகன் காலத்து அந்தக் கல்வெட்டுகள் 919, 921-ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. குடவோலை முறையைப் பாராட்டுகிற நாம் அதில் உள்ள இன்னொரு விதியைக் கவனிப்பதில்லை. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர், அவருடைய நெருங்கிய உறவினர் ஆகியோரின் பெயரை ஓலையில் எழுதவே கூடாது என்பது அந்த விதி. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், பதவி 360 நாள். அந்தச் சபை நிலம் உடைய ஒரு பிரிவினருக்கு மட்டும் உரியதாக இருந்தது. அந்தக் குறையை நாம் தொடர வேண்டியதில்லை. கணக்குக் காட்டாதவனுக்குப் பொறுப்பில்லை என்ற கண்டிப்பை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

அந்தக் கண்டிப்பு நம் காலத்தில் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க, காவிரியின் மேல்பக்கம் திருச்சிக்குப் போனால் போதும். 2000-ஆம் ஆண்டை ஒட்டி அங்கே குடிசைப் பகுதிகளின் பொதுக் கழிப்பறைகள் பாழடைந்து கிடந்தன. கிராமாலயா என்ற தொண்டு நிறுவனமும் வாட்டர் எய்ட் அமைப்பும் மாநகராட்சியும் சேர்ந்து அவற்றைச் சீரமைத்து, நடத்தும் பொறுப்பை அந்தந்தப் பகுதிப் பெண்கள் குழுக்களிடம் கொடுத்தார்கள். வாசலில் ஒரு பெண் நோட்டோடு உட்கார்ந்திருப்பார். வந்தவரிடம் சிறு தொகை வாங்குவார், எழுதுவார். அந்தப் பணத்திலிருந்தே சுத்தம் செய்கிறவருக்குச் சம்பளம், மின்கட்டணம், பினாயில், குழாய் ரிப்பேர். மிஞ்சியது அந்தப் பகுதியின் பொதுக் காரியத்துக்கு. குழுவுக்குள் முறை வைத்து மாறி மாறி உட்காருவார்கள், கணக்கு எல்லோர் முன்னும் படிக்கப்படும். அங்குள்ள கல்மந்தை 2002-ல் திறந்தவெளிக் கழிப்பிடம் இல்லாத குடிசைப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. நாட்டிலேயே அப்படி அறிவிக்கப்பட்ட முதல் குடிசைப் பகுதி என்று அதைச் சொல்வார்கள்.

இதில் அதிசயத் தொழில்நுட்பம் எதுவும் கிடையாது. பொறுப்பு ஒருவருடைய பெயரில் இருந்தது. பணம் அன்றன்று வந்தது. கணக்கு அந்த இடத்திலேயே இருந்தது. இடம் அசுத்தமானால் முதலில் பாதிக்கப்படுகிறவர்களே அதை நிர்வகித்தார்கள். தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989-ல் தருமபுரியில் தொடங்கி இன்று ஒவ்வொரு தெருவிலும் இருக்கின்றன. கடன் வாங்கி, கணக்கு எழுதி, தவணை கட்டிப் பழகிய பெண்கள் நம்மிடம் இருக்கிறார்கள். குத்தாலத்து மையத்தை நடத்தும் குழுவில் பாதிக்கு மேல் அவர்கள் இருக்கட்டும். அவர்கள் செய்யும் வேலைக்குச் சம்பளம் கொடுங்கள், சேவை என்று சொல்லி இலவசமாக வாங்காதீர்கள். கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய மனிதரை இறக்குவது சட்டப்படி குற்றம். இயந்திரம் வந்து நிற்க வழி விட்டுத்தான் அந்தத் தொட்டியையே அமைக்க வேண்டும்.

பணம்? ஒரு கட்டிடத்துக்கு ஆண்டுதோறும் அதன் கட்டுமானச் செலவில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் பராமரிப்புக்கு வேண்டும் என்று பொறியாளர்கள் பொதுவாகச் சொல்வார்கள். ஒரு கோடியில் கட்டினால் வருஷத்துக்கு ஒன்று முதல் இரண்டு லட்சம், ஆள் சம்பளம் தனி. இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஒரு சிற்றுண்டிக் கடை, ஒரு ஜெராக்ஸ் கடை, காதுகுத்துக்கும் நிச்சயதார்த்தத்துக்கும் வாடகைக்கு விடக்கூடிய ஒரு சிறு கூடம், நெற்களத்துக்கு மூட்டைக்கு ஒரு சிறு கட்டணம் போதும். படிக்கிற இடத்துக்கும் குடிநீருக்கும் உட்காருவதற்கும் எக்காலத்திலும் காசு வாங்கக் கூடாது. எது இலவசம், எதற்குக் கட்டணம் என்பதை வாசலில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். ஒவ்வொரு மாதமும் வரவு செலவை அதே பலகையில் எழுதுங்கள். கட்டிய செலவைக் கல்லில் பொறிக்கிறோம், பராமரிப்புச் செலவையும் சுண்ணாம்புக் கட்டியாலாவது எழுதலாம்.

அரசிடம் கேட்க வேண்டியதையும் சொல்கிறேன். நமக்கு நாமே திட்டம் 1997-லிருந்து பல உருவங்களில் வந்திருக்கிறது. மக்கள் பங்கு சேர்ந்தால் அரசு பங்கு கூடுதலாக வரும். நகர்ப்புறங்களில் அறிவுசார் மையங்கள் கட்டப்பட்டுவருகின்றன. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளில், நகர்ப்புற உள்ளாட்சிகளின் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. கிராமசபையில் கேள்வி கேட்பதைப் போல நகரத்து மக்களும் கேள்வி கேட்க வந்த வழி அது. அங்கே போய் 'எங்களுக்கு ஒரு பூங்கா வேண்டும்' என்று மனுக் கொடுக்காதீர்கள். அது மற்ற மனுக்களோடு கட்டில் சேர்ந்துவிடும்.

அதற்குப் பதிலாக இதைச் செய்யுங்கள். நீங்கள் நினைத்திருக்கிற இடத்துக்கு ஒரு மாணவர், ஒரு விவசாயி, ஒரு வியாபாரி, ஒரு மகளிர் குழு உறுப்பினர், நடமாடச் சிரமப்படும் ஒருவர் என ஐந்து பேர் சேர்ந்து போங்கள். விடியற்காலை, நண்பகல், மாலை, இரவு என நான்கு வேளையும், மழை நாள் ஒன்றிலும் போங்கள். யார் வருகிறார்கள், எங்கே நிற்கிறார்கள், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே இருட்டு என்று எழுதுங்கள். அதை ஒரு பக்கத்தில் அடக்குங்கள். இன்னொரு பக்கத்தில் பத்து வருஷத்துப் பராமரிப்புக்கு யார், எவ்வளவு, எங்கிருந்து என்று எழுதுங்கள். இந்த இரண்டு பக்கத்தையும் பேரூராட்சி மன்றத்தில் கொடுத்து, தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். மதிப்பீட்டில் பராமரிப்புக்கு என்று தனி வரி இல்லாத எந்தத் திட்டத்துக்கும் கை தூக்காதீர்கள், அது எந்தக் கட்சி கொண்டுவந்த திட்டமாக இருந்தாலும் சரி.

சுந்தரர் உடற்பிணி தீர நீராடியதாகச் சொல்லப்படும் தீர்த்தம் இந்த ஊரில் இருக்கிறது. நீராட வந்தவருக்கு இடம் கொடுத்து ஆறுதல் தந்த ஊர் என்ற பெயர் குத்தாலத்துக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் இருந்துவருகிறது. அந்தப் பெயருக்கு ஏற்ற பொது இடத்தை இந்தத் தலைமுறை கட்ட முடியும். கட்டுவதற்கு அரசு பணம் தரலாம். காப்பாற்றுகிற பொறுப்பை ஊர்தான் ஏற்க வேண்டும். அந்தப் பொறுப்புக்குப் பெயர் கொடுக்கிறவர்கள் இன்று இந்தக் கூட்டம் கலைவதற்கு முன்பே எழுந்து பெயர் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.